புஷ் ரொட் திரும்பத் திரும்ப வளையுதா?

பெரும்போக உழவுக்கு முதல், தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் உழவு மெசின் (டிரக்டர்) வச்சிருக்கிறவங்களுக்கு இது. புஷ் ரொட் எண்டது எஞ்சின்ல கீழ இருந்து மேல தள்ளி, ரொக்கர் எண்ட நெம்புகோலால வால்வைத் திறக்க வைக்கிற கம்பி. வளைஞ்ச புஷ் ரொட்டுக்குப் புதுசு போட்டா வேலை முடிஞ்சதில்லை. ரொட் சும்மா வளையாது. வால்வு இறங்க மறுக்கணும், இல்லாட்டி பிஸ்டன் வால்வில முட்டணும்.

முதல்ல எந்த வால்வின்ட ரொட் போகுதெண்டு பாருங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே வால்வு எண்டா கைட்டில, அதாவது வால்வுத் தண்டு ஏறி இறங்குற குழாயில, சந்தேகப்படுங்க. ஹெட்டை (சிலிண்டருக்கு மேல இருக்கிற மூடியை) கழற்றி, ஸ்பிரிங் எடுத்து, வால்வுத் தண்டில ஒயில் பூசிக் கையால சுத்திப் பாருங்க. எங்கயும் பிடிக்காம வழுக்கி இறங்கணும். புது கைட் அடிச்சா துளை கொஞ்சம் சுருங்கும். ரீமர் (துளையை அளவுக்குச் சீவுற கருவி) ஓட்டாம வால்வைப் போட்டா குளிர்ல நல்லா ஓடும், வயல்ல லோட் ஏறிச் சூடானதும் இறுகிப் பிடிக்கும். கூடுதலா நடக்கிற பிழை இதுதான், பழியெல்லாம் ரொட்டுக்கு!

ஒவ்வொரு தடவையும் வேற வேற ரொட் போனா, ரொக்கருக்கு ஒயில் ஏறுதா பாருங்க. கவரைக் கழற்றி ஸ்லோவில ஓட விட்டா ஒவ்வொரு ரொக்கர்லயும் ஒயில் கசியணும். வராட்டி ஹெட்டுக்குக் கீழ வாற கஸ்கெட்டின்ட ஒயில் துளை நேரா நிக்குதா, ரொக்கர் ஷாஃப்ட் அடைச்சிருக்கா எண்டு தேடுங்க.

பிஸ்டன் தலையில பிறை மாதிரித் தடமா? ஹெட்டின்ட அடியை அளவுக்கு மேல சீவியிருப்பாங்க, அல்லது டைமிங் கியர்ல பல்லு மாறியிருக்கும்.

மெஸி ஃபெர்கூசன் 240 டிரக்டர்ல வாற பேர்கின்ஸ் மூண்டு சிலிண்டர் எஞ்சினுக்கு வால்வு இடைவெளி (ரொக்கருக்கும் வால்வுக்கும் நடுவில) எஞ்சின் குளிர்ல இருக்கேக்க 0.012 அங்குலம். புது ரொட்டையும் நேரா இருக்கா எண்டு கண்ணாடி மேல உருட்டிப் பாத்துட்டே போடுங்க.