புதிதாகக் கட்டிய வால்வு ஆம்ப் ஊளையிட்டபோது

சொந்தமாக வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட்டில்தான் கை வைப்பார்கள். நானும் அப்படித்தான். 1950களின் வடிவமைப்பு; மொத்தம் மூன்றே வால்வு. முன்னால் 12ஏஎக்ஸ்7 (ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பாதி), பவருக்கு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையராக 5ஒய்3. கிடைப்பது ஐந்து வாட்தான், ஆனால் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு 10கே ரெசிஸ்டரை முதலைக் கிளிப்பில் மாட்டி அதை வடித்துவிட்டு, மீட்டரில் பூச்சியத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளே விரலை விட்டேன்.

முதல் முறை கரண்ட் கொடுத்தது சீரிஸ் பல்ப் வழியாக (கரண்ட் வரும் வழியில் மாட்டும் பல்ப்; உள்ளே ஷார்ட் இருந்தால் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும்). டிவி மெக்கானிக்குகள் வைத்திருப்பார்களே, அதே 60 வாட் குண்டு பல்புதான். வால்வு எதையும் செருகாமல் போட்டேன். பல்ப் எரியவே இல்லை என்று சொல்லலாம். டிரான்ஸ்பார்மர் நலம். அப்புறம் ஸ்பீக்கரை மாட்டி (ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு ஆபத்து), மூன்று வால்வையும் செருகினேன். பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. சரி, ஷார்ட் ஏதும் இல்லை என்று பல்பைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்தேன். வால்வு சூடாகும்வரை அமைதி. அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு ஊளை.

வால்யூமைப் பூச்சியத்துக்குக் குறைத்தும் ஊளை நிற்கவில்லை. இந்தச் சர்க்யூட்டில் வால்யூம் பாட் 12ஏஎக்ஸ்7-இன் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் குறைத்தும் சத்தம் மாறவில்லை என்றால் கோளாறு அதற்குப் பின்னால்தான். அங்கே சந்தேகப்பட ஒரு ஆள்தான் உண்டு: ஸ்பீக்கரிலிருந்து இரண்டாம் பாதியின் கேத்தோடு என்ற எலக்ட்ரான் கிளம்பும் முனைக்குத் திரும்பி வரும் 22கே ஃபீட்பேக் ரெசிஸ்டர். அதன் ஒரு முனையைக் கழற்றியதும் ஊளை போயே போய்விட்டது. திரும்பி வரும் சிக்னல் எதிர்த் திசையில் வந்து வளர்ச்சியை அடக்க வேண்டும்; அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் ஒயர்கள் இடம் மாறியிருந்தால் அதுவே கூடச் சேர்ந்துகொண்டு கத்தும். எது எந்த முனை என்பதை ஒயரின் நிறத்தை நம்பிச் சொல்ல முடியாது, போட்டுப் பார்த்துத்தான் தெரியும். ஸ்பீக்கர் பக்கத்து இரண்டு ஒயரையும் மாற்றிச் சால்டர் செய்து, ரெசிஸ்டரைத் திரும்பச் சேர்த்தேன். அமைதி.

அமைதி என்றால் முழு அமைதி இல்லை, அடியில் ஒரு ரீங்காரம். ரீங்காரத்தின் சுருதியைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ரெக்டிஃபையரைத் தாண்டினால் அது 100 ஆகும். கிட்டாரின் ஆறாவது தந்தியில் மூன்றாவது ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். ரீங்காரம் அதோடு ஒட்டி நின்றால் ஃபில்டர் கெபாசிட்டரையோ கிரவுண்டையோ பாருங்கள். ஒரு ஸ்தாயி கீழே இருந்தால், ஏசியில் ஓடி வால்வைச் சூடாக்கும் ஹீட்டரைப் பாருங்கள். அமெரிக்கக் குறிப்புகளில் 60, 120 என்று போட்டிருக்கும். அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சாம்புக்கு உரிய 8 அங்குல ஸ்பீக்கரில் எனக்குப் பிடிபடவில்லை, 12 அங்குலத்தை மாட்டியதும் கீழ் ஸ்தாயி என்று தெரிந்தது. ஹீட்டர்தான்.

மூல வரைபடத்தில் ஹீட்டர் ஒயரின் ஒரு முனையை நேராகச் சேசிஸில் (உலோகச் சட்டம்) கட்டியிருக்கிறார்கள். என் டிரான்ஸ்பார்மரில் ஹீட்டருக்கு நடு டேப் (சுற்றின் நடுவிலிருந்து எடுக்கும் ஒயர்) கிடையாது. அந்தச் சேசிஸ் இணைப்பை அறுத்துவிட்டு, இரண்டு முனைக்கும் ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டர் வைத்து, அவை சேரும் இடத்தை 6வி6-இன் கேத்தோடில் (8ஆம் பின்) கட்டினேன். ஹீட்டர் முழுக்க 19 வோல்ட் மேலே ஏறி நின்றது, ரீங்காரம் காதை ஸ்பீக்கரில் ஒட்டினால்தான் கேட்கும் அளவுக்கு இறங்கியது.

மிச்சம் இருந்தது சின்ன விஷயம். மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்ததில் 12ஏஎக்ஸ்7 மட்டும் மணிபோல் கணகணத்தது. வேறொன்று செருகினேன், தீர்ந்தது. பழைய ரேடியோ கடைகளில் தேடுகிறவர்கள் ஈசிசி83 என்று கேளுங்கள், இரண்டும் ஒன்றுதான்.

கடைசியாக 6வி6-இன் பளு. பகலில் பிளேட்டில் (எலக்ட்ரான் போய்ச் சேரும் முனை) 345 வோல்ட், கேத்தோடில் 19. கேத்தோடு ரெசிஸ்டர் 470 ஓம் என்பதால் கரண்ட் சுமார் 40 மில்லிஆம்ப். ஸ்கிரீன் என்ற இடைக் கம்பிவலைக்குப் போவதைக் கழித்தால் பிளேட் சுமப்பது பன்னிரண்டரை வாட். பழைய டேட்டா ஷீட்டில் பிளேட்டின் உச்ச வரம்பு 12 வாட் என்றும் பிந்தையதில் 14 என்றும் இருக்கும். ஆனால் எங்கள் தெருவில் ராத்திரி வோல்டேஜ் 240-ஐத் தாண்டும். அப்போது அளந்தால் கிட்டத்தட்ட 14-ஐத் தொடுகிறது. 470-ஐ எடுத்துவிட்டு 560 ஓம் போட்டேன். இப்போது ராத்திரியிலும் 12-ஐ ஒட்டித்தான் நிற்கிறது.