மகனுக்குக் கல்லூரி ஃபுட்பாலில் இடம் தேடியபோது ‘சொந்த ஊர்’ காட்டிய வழி

டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். மகன் எட்டாம் வகுப்புவரை சாக்கர் ஆடினான். ஒன்பதில் பள்ளியின் ஃபுட்பால் கோச் அவன் பந்தை உதைப்பதைப் பார்த்துத் தன் அணிக்குக் கூப்பிட்டுக்கொண்டார். தலைக்கவசம் போட்டு ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால். அன்றிலிருந்து அவன் கிக்கர், பந்தை உதைப்பதற்கென்றே இருக்கும் ஆள். கல்லூரியிலும் ஆட வேண்டும் என்று எங்களிடம் சொன்னது 2021 ஆகஸ்ட்டில், 11ஆம் வகுப்பு தொடங்கியபோது. நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது இந்த ஆட்டத்துக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்று எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போதிருந்த விதிப்படி, 11ஆம் வகுப்பின் செப்டம்பர் 1 அன்றுதான் கல்லூரி கோச்சுகள் மாணவனுக்கு நேரடியாக எழுத ஆரம்பிக்கலாம். நள்ளிரவு தாண்டியதுமே மகனின் நண்பனுக்கு வரிசையாக மெசேஜ் வந்தது. அந்த நண்பன் லைன்பேக்கர், எதிரணியை மடக்கித் தடுப்பவன். என் மகன் காலையில் போனை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பள்ளிக்குப் போனான்.

டெக்சஸில் இருக்கிறோமே, இங்கேதானே எல்லாக் கல்லூரிகளும் ஆள் தேடி வருகின்றன என்று நம்பியிருந்தேன். வருவது உண்மைதான். இந்த மாநிலத்தில் ஃபுட்பால் ஆடும் உயர்நிலைப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல். எங்களுக்குப் பக்கத்து ஊரான ஆலனில் 2012இல் ஒரு பள்ளிக்காகவே 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டினார்கள். டெக்சஸ், ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா, ஜார்ஜியா, இந்த நான்கும்தான் பெரிய விளைநிலங்கள். மே மாதம் பள்ளிப் பயிற்சியின்போது மைதான ஓரத்தில் கல்லூரிச் சின்னம் போட்ட டீ-ஷர்ட்டோடு ஆட்கள் நிற்பார்கள். ஒவ்வொரு கல்லூரியும் தன் துணை கோச்சுகளுக்கு ஊரைப் பங்குபோட்டுக் கொடுத்துவிடும்: இவருக்கு டல்லாஸ், அவருக்கு ஹூஸ்டன். ஆனால் அவர்கள் பார்ப்பது முன்வரிசையில் மோதும் லைன்மேன்களையும் ஓடிப் பிடிப்பவர்களையும். ஒரு கல்லூரிக்குக் கிக்கர் தேவைப்படுவது சில வருடங்களுக்கு ஒரு முறைதான். அதற்காக யாரும் வண்டி ஓட்டிக்கொண்டு வரமாட்டார்கள்.

இதை எனக்குப் புரியவைத்தவர் பள்ளி கோச். அவர் ஒரு பழைய கதை சொன்னார். 1979இல் மயாமி பல்கலைக்கழகத்துக்குப் பொறுப்பேற்ற ஹவர்ட் ஷ்னெலன்பெர்கர், தெற்கு ஃப்ளோரிடாவைச் சுற்றி ஒரு கோடு போட்டு, ‘ஸ்டேட் ஆஃப் மயாமி’ என்று பெயரும் வைத்து, அதற்குள் இருக்கும் நல்ல பையன்களை வெளியே விடக் கூடாது என்று உழைத்தார். 1983 சீசனில் அந்த அணி தேசிய சாம்பியன். “வீட்டு வாசலில் ஆள் நிறைய இருக்கும் கல்லூரி தூரம் போகாது. வாசலில் ஆள் இல்லாத கல்லூரிதான் உங்கள் வாசலுக்கு வரும். அதைத் தேடுங்கள்” என்றார்.

அன்று இரவிலிருந்து ரோஸ்டர் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு கல்லூரி அணியின் பட்டியலிலும் பெயர், உயரம், எடை, எந்த வருடம், கடைசியில் சொந்த ஊர் என்று இருக்கும். அந்தச் சொந்த ஊர் வரிசையை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால் கல்லூரியின் பாதை தெரிந்துவிடும். ஓக்லஹோமா அணிகளில் டெக்சஸ் பையன்கள் நிறைந்திருக்கிறார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தின் மக்கள்தொகை 20 லட்சத்தை ஒட்டியதுதான், ஆள் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். 2011இல், வேறு மாநிலக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும் கான்ஃபரன்ஸான பிக் டென்னுக்கு மாறியபின் அவர்கள் டெக்சஸில் ஆடுவது கிட்டத்தட்ட நின்றுபோனது. அதன் பிறகு இங்கே பிடிப்பு தளர்ந்தது என்று பலரும் சொல்வார்கள். ஆட்டம் நடக்கும் ஊரில்தானே பையனின் அப்பா அம்மா வந்து பார்க்க முடியும்.

பந்தைக் கையிலிருந்து விட்டு உதைக்கும் பன்ட்டர்களின் ஊரைப் பார்த்ததும்தான் எனக்குத் திக்கென்றது. ஆஸ்திரேலியா! மெல்போர்னில் ப்ரோகிக் ஆஸ்திரேலியா என்று ஒரு பயிற்சி நிலையம், அங்கிருந்து நேராகக் கல்லூரிகளுக்கு அனுப்புகிறார்கள். சிறந்த பன்ட்டருக்கான ரே கை விருது 2014, 2015இல் டாம் ஹேக்கெட், 2016இல் மிட்ச் விஷ்னவ்ஸ்கி, 2017இல் மைக்கேல் டிக்சன். மூவருமே ஆஸ்திரேலியர்கள். மகன் பன்ட்டும் பழகிக்கொண்டிருந்தான். அதை விட்டுவிட்டு, தரையில் பிடித்த பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோலில் மட்டும் கவனம் வைப்போம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம்.

பள்ளியில் ஒரு சின்னக் கட்டைமேல் பந்தை வைத்து உதைத்துப் பழகியவன் அவன். கல்லூரி ஃபீல்டு கோலில் 1989இலிருந்து அந்தக் கட்டை கிடையாது, வெறும் தரைதான். தினமும் சாயங்காலம் என் கணவர் ஒரு முழங்காலை மண்டியிட்டுப் பந்தை விரல் நுனியால் பிடித்துக்கொள்வார், நான் பின்னால் நின்று போனில் படம் எடுப்பேன். முதல் மூன்று வாரம் பந்து தாழ்வாகவே போனது. கால் புல்லில் உரசும் சத்தம் எனக்கே பழகிவிட்டது. ஒரு நாள் அந்தச் சத்தம் வரவில்லை, ‘டப்’ என்று மட்டும் கேட்டது. 42 யார்டு, கம்பங்களுக்கு நடுவில். அந்த வீடியோவைத்தான் பிறகு எல்லோருக்கும் அனுப்பினோம்.

2022 ஜூனில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கேம்ப்புக்கு அழைப்பு வந்தது. கூப்பிட்டுவிட்டார்கள் என்று சந்தோஷமாகப் பணம் கட்டிப் போனோம். வெயிலில் கிக்கர்களே வரிசையாக நின்றார்கள். அவனுக்குக் கிடைத்தது ஆறு உதை. அதன் பிறகு ஒரு வரி பதில் இல்லை. கேம்ப் அழைப்பு வேறு, உண்மையான ஆர்வம் வேறு. கோச் பெயரிட்டு எழுதுகிறாரா, போனில் கூப்பிடுகிறாரா என்று பாருங்கள். அந்த வேறுபாடு தெரியாமல் செலவு செய்யாதீர்கள்.

அப்புறம் பட்டியலைச் சுருக்கினோம். இரண்டே கேள்வி. ரோஸ்டரில் டெக்சஸ் ஊர்கள் நிறைய உள்ளனவா? இப்போதைய கிக்கர் கடைசி வருடமா? இரண்டுக்கும் ஆம் என்றால் கடிதம். கல்லூரி அணிகள் மூன்று டிவிஷன்களாக, அதாவது தரநிலைகளாகப் பிரிந்திருக்கும். அப்போது முதல் டிவிஷனின் மேல்தட்டு அணிக்கு 85 முழு ஸ்காலர்ஷிப். இரண்டாம் டிவிஷனில் 36தான், அதையும் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று பணமே கிடையாது. இரண்டாம் டிவிஷனின் கிரேட் அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் இருப்பவை எல்லாம் ஓக்லஹோமா, ஆர்கன்சா கல்லூரிகள். சின்ன ஊர்கள், சுற்றுவட்டாரத்தில் பையன்கள் குறைவு, டல்லாஸும் அதிக தூரமில்லை. அந்தக் கல்லூரிகளின் ரோஸ்டர்களைப் படித்தபோது எங்கள் பேட்டையையே படிப்பதுபோல இருந்தது.

கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் (NCAA) தகுதி மையத்தில் பதிவு செய்வதைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும். அவன் கோடையில் ஆன்லைனில் முடித்த ஒரு பாடத்தை ஏற்கவில்லை. கடைசி வருடத்தில் இன்னொன்று சேர்த்துப் படிக்க வேண்டியதாயிற்று.

அக்டோபரில் ஓக்லஹோமாவிலிருந்து ஒரு கோச் போன் செய்தார். அவனுடைய மூன்று வீடியோக்களைப் பார்த்து, இரண்டாவதில் இடது கால் எங்கே ஊன்றியது என்றுவரை பேசினார். ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். ரெட் ரிவர் பாலத்தைத் தாண்டும்போது தண்ணீர் நிஜமாகவே செம்மண் நிறத்தில் ஓடியது. ஸ்டேடியம் எங்கள் பள்ளியுடையதைவிடச் சின்னது. மகனுக்கு முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. பாதிக்கும் குறைவான ஸ்காலர்ஷிப்தான், சரி என்றோம்.

கல்லூரியில் சேர்வதாக மாணவர்கள் கையெழுத்திடும் நாள் 2023 பிப்ரவரி 1. அந்த வாரம் டல்லாஸ் முழுக்க உறைமழை, சாலை எல்லாம் கண்ணாடி, பள்ளிகள் மூடல். பள்ளியில் மேடை போட்டு நடத்தும் விழா இல்லாமல் போனது. எங்கள் சாப்பாட்டு மேஜையில் அவன் கையெழுத்திட்டான், அவனுக்குக் கீழே நான். ஆகஸ்ட்டில் புது ரோஸ்டர் வெளியானது. நேராகக் கடைசி வரிசைக்குப் போனேன். ஃப்ரிஸ்கோ, டெக்சஸ். அவனுக்கு மேல் வரியில் டைலர், கீழ் வரியில் மெஸ்கீட்.