அமலேக்கின் குழந்தைகள்

வாலாஜா பக்கத்துக் கிராம சபைகளில் ஆயராக இருக்கிறேன். வேதபாடத்தை அதிகாரம் அதிகாரமாகத்தான் நடத்துகிறோம். அதனால் சங்கடமான பகுதியைத் தாண்டிப் போக வழியில்லை. அப்படித்தான் 1 சாமுவேல் 15 வந்தது. இஸ்ரவேலின் பழைய பகைவரான அமலேக்கியரில் ஆண், பெண், பால்குடிக்கிற பிள்ளை, ஆடு மாடு எதையும் விட்டுவைக்காதே என்று இஸ்ரவேலின் ராஜா சவுலுக்குக் கடவுளின் கட்டளை வருகிற அதிகாரம்.

வாசித்து முடித்ததும், நடவு வேலை முடிந்து நேரே கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு பாட்டி கேட்டார்: “அந்தக் கைக்கொழந்தைங்க இன்னா பண்ணுச்சிங்க ஐயா?”

“ஒண்ணும் பண்ணல பாட்டி” என்றேன். அதைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் பொய்யாக இருந்திருக்கும்.

விளக்கங்கள் இல்லாமல் இல்லை. யாத்திராகமம் 17-இல் அமலேக்கியர் இஸ்ரவேலைத் தாக்கியதற்கான தண்டனை என்பார்கள். அது பல தலைமுறைகளுக்கு முந்தைய சண்டை; சாகப்போவது நேற்றுப் பிறந்தவை. அடியோடு அழிந்ததாகச் சொல்லப்பட்ட அமலேக்கியர், அதே புத்தகத்தின் 30-ஆம் அதிகாரத்தில் வந்து சிக்லாகு என்ற ஊரைக் கொளுத்துகிறார்கள். யோசுவா இஸ்ரவேலரோடு வந்தபோது மதில்கள் விழுந்து, ஜனங்கள் வெட்டுண்டதாக வேதம் சொல்லும் எரிகோ நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; அங்கே 1950-களில் அகழாய்வு செய்த கேத்லீன் கென்யன், அந்த மதில்கள் யோசுவாவின் காலம் என்று கருதப்படுவதற்கு வெகு முன்பே விழுந்துவிட்டன என்றார். சரி, எழுதியபடியே எல்லாம் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பாட்டி கேட்டது அதை அல்ல. கடவுள் இப்படிச் சொல்வாரா என்பதுதான் அவர் கேள்வி.

சபை மூப்பர் ஒருவர் கலங்கிப்போனார். “ஒரு வசனத்த அசைச்சா மொத்தமும் ஆடிப்போவும் ஐயா.” அவர் பயத்தை நான் லேசாக எடுக்கமாட்டேன். 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழியாக, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த ஏராளமான குடும்பங்களின் கைக்கு வந்த புத்தகம் இது. அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கிவந்த கடவுளை யாத்திராகமத்தில்தான் கண்டார்கள். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற கிறிஸ்தவப் போதகர் சொன்னதுபோலப் பழைய ஏற்பாடே வேண்டாம் என்று தூக்கிப்போட்டால், எங்கள் ஜனங்களின் கையிலிருந்து அதையும் பிடுங்குவதாகும்.

நான் பிடித்து நிற்கும் இடம் லூக்கா 9. இடம் கொடுக்காத சமாரியக் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறக்கட்டுமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். பழைய ஏற்பாட்டில் எலியா தீர்க்கதரிசி செய்ததைத்தான் கேட்கிறார்கள், வேதத்தில் ஆதாரம் உண்டு. இயேசு அவர்களை அதட்டிவிட்டு அடுத்த கிராமத்துக்குப் போய்விடுகிறார். வேதத்தின் ஒரு பகுதியும் இயேசுவும் எதிரெதிராக நிற்கும்போது, நான் இயேசு நிற்கும் பக்கம்.

சங்கீதம் 137 வேறு வகை. பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதுகிறவன் பாக்கியவான் என்கிற அந்தக் கடைசி வரி, எருசலேம் அழிந்து சிறைப்பட்டுப் போனவர்களின் வயிற்றெரிச்சல். அடிபட்டவள் வாயில் என்ன வார்த்தை வரும் என்று எங்கள் காலனிப் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டவரிடம் அதைக் கொட்டித் தீர்க்கலாம். அரிவாள் எடுக்க அது அனுமதி ஆகாது.

எனக்கு நிஜமான பயம் ஜெபக்கூட்டங்களில்தான் வருகிறது. வரப்புத் தகராறு, வழித் தகராறு என்றால் உடனே எதிர்த்தரப்பு ‘அமலேக்கு’ ஆகிவிடுகிறது. “அழித்துப்போடும் ஆண்டவரே” என்று குரல் உயர்கிறது. அந்த இடத்தில் ஜெபத்தை நிறுத்தச் சொல்கிறேன். பக்கத்து நிலத்துக்காரருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள் என்கிறேன். சிலருக்குக் கோபம். மூப்பருக்கும் இன்னும் சமாதானம் இல்லை. அடுத்து யோசுவா எடுக்கிறோம். எரிகோவை அவரையே வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.