கத்திரி வெயிலில் கணினிக்குப் பரண் ஆகாது

எங்கள் பக்கத்தில், புதுச்சேரியானாலும் கடலூரானாலும், உடனே தேவைப்படாத பொருள் எதுவாயினும் பரணுக்கு ஏறிவிடுவது வழக்கம். பித்தளை அண்டாவுக்கு அது சரியான இடம். பழைய மடிக்கணினிக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் வீட்டிலேயே மோசமான இடம் அதுதான். மே மாதத்தில் பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்து வெகுநேரமான பிறகும் வெப்பத்தைக் கீழே விட்டுக்கொண்டே இருப்பதால், அதை ஒட்டி அடைத்து வைத்த அட்டைப்பெட்டிக்கு இரவிலும் ஓய்வில்லை. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெப்பத்தில் முதலில் அடிபடுவது பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரியை முழுச் சார்ஜோடு வெப்பத்தில் விட்டுவைத்தால், பயன்படுத்தாமலேயே அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். சுத்தமாகத் தீர்ந்த நிலையில் விட்டாலோ, மின்னழுத்தம் மேலும் இறங்கி, பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம். ஆகவே ஏறக்குறைய 50 சதவீதத்தில் நிறுத்தி, ஸ்லீப்பில் விடாமல் முழுமையாக அணைத்து வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து மீண்டும் பாதி அளவுக்கு ஏற்ற வேண்டும். டச்பேட் மேலெழுந்தோ மூடி பொருந்தாமலோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அந்தக் கருவிக்குச் சார்ஜ் போடாமல் சர்வீஸ் கடையில் கொடுத்துப் பேட்டரியைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு. யு.பி.எஸ்ஸில் இருக்கும் ஈய அமில பேட்டரிக்கு முறை நேர்மாறு: அதை முழுச் சார்ஜில்தான் வைக்க வேண்டும், கோடையில் அது விரைவாக இறங்குவதால் அடிக்கடி ஏற்றவும் வேண்டும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் குடும்பப் படங்களைப் போட்டு மூலையில் வைத்துவிடும் பழக்கம் பரவி வருகிறது. தரவை எழுதி எழுதித் தன் ஆயுள் முடிந்த நிலையிலுள்ள வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பது சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் (JEDEC) அமைப்பின் தர அளவு. புதியது அதைவிட நெடுங்காலம் தாங்கும் என்றாலும், வைக்கும் இடத்தின் வெப்பம் கூடக்கூட அந்தக் காலம் சுருங்கும். நம் கோடையில் 30 டிகிரியைப் பார்ப்பதே இரவில்தான். ஆகையால் ஒரே பிரதியை நம்பக் கூடாது.

வெப்பம் மட்டுமென்றால் சமாளித்துவிடலாம், இங்கே கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. கடலூர்க் கடற்கரையில் உள்ள தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் அதே உப்பீரம், கணினியின் நினைவகமான ராம் (RAM) பலகையின் தங்கமுலாம் பூசிய முனைகளுக்கு அடியிலும் புகுந்து அரிக்கும். தனிப் பாகங்களை நிலைமின் தடுப்பு (ஆன்டி-ஸ்டாட்டிக்) உறையில் இட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைக்க வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டன என்று பொருள், மாற்றிவிட வேண்டும். சிலர் அரிசிக்குள் புதைக்கிறார்கள். தவிட்டுத் தூள் துளைகளில் அடைவதைத் தவிர அதனால் பெரிய பலன் எதையும் நான் கண்டதில்லை.

வீட்டின் நடு அறையில், மேற்கு வெயில் படாத உட்சுவரை ஒட்டிய பீரோதான் என் தேர்வு. வெள்ளம் பழகிய கடலூரில் அதன் அடித்தட்டை விட்டுவிட்டு நடுத்தட்டில் வைப்பது நல்லது. ஏ.சி. அறையில் வைத்திருந்தால், வெளியே கொண்டுவந்த உடனே டப்பாவைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த பலகைமேல் நம் ஊர்ப் புழுக்கக் காற்று பட்டால் வியர்த்துவிடும். ஓரிரு மணி நேரம் மூடியபடியே விட்டு, சூடு சமமான பிறகு திறந்து மின்சாரம் கொடுக்கலாம்.