அப்புத்தளையில் ஆனிச் சாரல்

தென்காசிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஆனியும் ஆடியும் குற்றாலத்தின் மாதங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிச் சாரலாக இறங்கியதும் அருவிகளில் தண்ணீர் கொட்டும். லாட்ஜுகளில் அறை கிடைக்காது. கிடைத்தாலும் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். அதே காற்று அதே மாதத்தில் இலங்கையின் மலையகத்தைத் தொடும்போது விடுதிகள் காலியாகிவிடுகின்றன. கணவரின் வேலை நிமித்தம் 2024-இல் நாங்கள் அப்புத்தளையில் குடியிருந்தோம். ஆள் வராத அந்த ஜூன் மாதத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மலையகத்து விடுதிக்காரர்களின் நாட்காட்டி தெளிவானது. டிசம்பர் மாதத்துப் போயா (பௌர்ணமி) தினத்தில் சிவனொளிபாதமலை யாத்திரை தொடங்கும். ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்கு நுவரெலியாவில் குதிரைப் பந்தயமும் மலர்க்கண்காட்சியுமாகக் கூட்டம் அலைமோதும். மே மாதம் வெசாக் என்னும் புத்தர் திருநாளோடு யாத்திரை முடிந்ததும் எல்லாம் அடங்கிவிடும். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பியர்கள் விடுமுறைக்கு வரும்வரை எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை எங்கும் 'அறை உண்டு' பலகைதான். எங்கள் வீடும் அப்படிப்பட்ட விடுதி ஒன்றின் மேல்மாடிதான். முன்பக்கத்து அறையின் சன்னல் தெற்கே பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கும். அந்த அறைக்கு வெள்ளைக்காரர்கள் ஓர் இரவுக்குக் கொடுப்பதை வைத்து நாங்கள் ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம். ஆள் இல்லாத மாதம் என்பதால் அதையும் எங்களிடமே விட்டுவிட்ட வீட்டுக்காரர், "ஜூலைல ஆள் வந்தா மட்டும் பின்பக்கம் மாறிக்குங்க மிஸ்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

அப்புத்தளை மலைமுகட்டின் இடுக்கில் அமைந்த ஊர். தெற்கே சமவெளியிலிருந்து மூடுபனி ஏறி வந்து, கடைவீதியைக் கடந்து மறுபுறம் இறங்கிப் போகும். பத்து மணிக்கு எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்தால் அன்றைக்கு நல்ல நாள் என்று பொருள். துணி காயாது. செருப்பின் தோலில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படரும், உப்பு ஜாடிக்குள்ளேயே கசியும். காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் மின்சாரம் போய்விடும். சென்னை அலுவலகத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டிய நேரம் பார்த்து அது போவதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்றே நான் நம்பினேன்.

சந்தைக்கு அலைந்ததில் மழையின் கணக்கு இன்னும் விளங்கியது. கரட், லீக்ஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு எல்லாம் வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்துவிடும், மீனுக்குத்தான் கஷ்டம். தென்மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்கள் அவை என்பதால் அந்தப் பக்கத்துப் படகுகள் அதிகம் இறங்குவதில்லை. கிழக்குக் கடல் அப்போது அமைதியாக இருக்கும். பொத்துவில் பக்கமிருந்து வண்டி வந்தால் மீன் உண்டு, இல்லாவிட்டால் கருவாடும் மாசிச் சம்பலும்தான். லிப்டன் இருக்கை என்னும் மலையுச்சிக் காட்சிமுனைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரர்கள் அந்த மாதத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் மரக்கறி மூட்டைகளையும் ஏற்றினார்கள். தாமஸ் லிப்டன் 1890-இல் கட்டிய தம்பேதென்னைத் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க யாரும் இல்லாவிட்டாலும், உள்ளே இயந்திரம் ஓய்வதில்லை.

ஓய்வில்லாத வேலை என்னவென்று எனக்குக் காட்டியவர் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த அக்கா. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, போவதற்காக இறங்கி வருவார். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை படங்கு என்னும் முரட்டுத் துணியைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கியிருப்பார். தலையில் துணியை மடித்து வைத்து அதன்மேல் கூடைக் கயிறு. அட்டை ஏறாமலிருக்கக் கால் விரல் இடுக்குகளிலும் குதிகாலிலும் சவர்க்காரத்தைத் தண்ணீரில்லாமல் தேய்த்திருப்பார். மழை அதைக் கழுவியதும் அட்டை ஏறிவிடும், மறுபடி தேய்க்க வேண்டும். கையில் ஒரு பொட்டலத்தில் தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி இருக்கும்.

"என்ன தங்கச்சி, ஒங்க ஊருல இந்த மழைக்கு என்ன செய்வீங்க?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அருவியில குளிக்கப் போவோம்க்கா."

அவர் சிரித்த சிரிப்பில் கூடை தலையிலிருந்து நழுவியது. "மழையில நனையிறதுக்குக் காசு குடுத்துப் போறீங்களா?"

அவருடைய மழை வேறு. நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று ஒரு வரம்பு இருக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் அது 16, 18, 20 என்று மாறும். அதை எட்டினால்தான் முழுப் பேர். எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். மழை நாளில் கூடை சீக்கிரம் கனக்கும். ஆனால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசில் ஏற்றும்போது, ஈரத்துக்கென்று சில கிலோவைக் கழித்துவிடுவார்கள். எவ்வளவு கழிப்பது என்பது நிறுப்பவரின் கையில் இருக்கிறது. "தண்ணிய நாங்களா ஊத்துனோம்? வானந்தான் ஊத்துது. சொமக்கிறது நாங்க, கழிக்கிறதும் எங்ககிட்டயா?" என்றார் அக்கா. தொழிற்சாலைக்காரர்கள் சொல்லும் காரணத்தையும் மறுக்க முடியாது: ஈர இலையை வாட்டுவதற்கு நேரமும் விறகும் அதிகம் ஆகும். ஆனால் அந்தச் செலவு வந்து விழும் இடம், நனைந்த படங்கோடு வரிசையில் நிற்கும் பெண்ணின் பேரேட்டில்தான் என்பதை எந்தக் காரணத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஜூனில் தேநீர்க்கடைகளில் வேறு பேச்சே கிடையாது. 2021 முதல் 1,000 ரூபாயாக இருந்த நாட்சம்பளத்தை 1,700 ஆக்குவதாக மே தினத்தன்று அரசு அறிவித்திருந்தது. தோட்டக் கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போயிருந்தன. ஒருவர் கட்டாயம் வரும் என்பார், இன்னொருவர் தேர்தல் முடியட்டும் பார்ப்போம் என்பார். பால் சேர்க்காத இஞ்சிப் பிளேன்டியை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டிருந்த என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை, கேட்காததே நல்லது.

மாத நடுவில் ரயிலில் அட்டன் போனோம். மற்ற மாதங்களில் முன்பதிவுக்கே அல்லாட வேண்டிய பாதை அது. அன்று மூன்றாம் வகுப்பில் சன்னலோரம் தாராளமாகக் கிடைத்தது. இதல்கஸ்ஹின்னையில் இருபுறமும் பள்ளத்தாக்குகள் வெயிலில் தெரிந்தன; ஒஹியாவரை காற்று மட்டும்தான். அதைத் தாண்டி ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து பட்டிப்பொலைப் பக்கம் வெளியே வந்தபோது மழை சன்னலில் அறைந்தது. பட்டிப்பொலை இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம், 6,226 அடி. அப்புத்தளை இருக்கும் ஊவாப் பக்கம் காய, நுவரெலியாப் பக்கம் நனைய, இரண்டுக்கும் நடுவே அந்த முகடு. எதிரே இருந்த பெரியவர் சொல்லிவைத்தாற்போல் முன்னதாகவே சன்னலை இறக்கியிருந்தார். அட்டனில் மழை நிற்கவே இல்லை. சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பேருந்தில் யாத்திரிகர் எவரும் இல்லை, அரிசி மூட்டையோடு வீடு திரும்புபவர்கள்தான் இருந்தார்கள். தலவாக்கலைப் பாதையில் டெவன் அருவி முழு வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலமாக இருந்தால் அதன் கீழே எண்ணெய் தேய்த்த முதுகுகள் வரிசை கட்டியிருக்கும். இங்கே பார்ப்பதற்கும் ஆளில்லை.

அந்தப் பெரியவர் எங்கள் ஊரை விசாரித்தார். தென்காசி என்றதும், தம் தகப்பனாரின் ஊர் துறையூர்ப் பக்கம் என்றும், மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தம் அக்கா குடும்பம் கோத்தகிரிக்குப் போய்விட, தாம் இங்கேயே தங்கிவிட்டதாகவும் சொன்னார். பிறகு, "ஒங்களுக்கு விசா எத்தன வருசம்?" என்றார். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்றேன். 1948-இன் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டு, 2003-இல்தான் எஞ்சியவர்களும் குடியுரிமை பெற்ற ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர் அவர். என் பதிலுக்கு அனுதாபமாகத் தலையாட்டியதை நான் மெச்சிக்கொள்ளவில்லை, கூச்சப்பட்டேன்.

ஜூலை பிறந்ததும் ஊவாவில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று உலர்ந்து வீசத் தொடங்கியது. அந்த வறட்சியில் வாடும் கொழுந்துக்குத்தான் ஊவாத் தேயிலையின் தனி மணம் வருகிறது. கொழும்பு ஏலத்தில் அதற்கு விலை அதிகம். ஆனால் மழை குறைந்தால் கொழுந்தும் குறையும், வரம்பை எட்டுவது கடினம், ஆகவே அக்காவுக்கு அரைப்பேர்ப் பயம் இப்போது வேறு வழியாக வந்தது. அதே வாரம் வீட்டுக்காரர் சுண்ணாம்பு வாளியோடு மாடி ஏறி வந்தார். ஜெர்மனியிலிருந்து ஒரு குடும்பம் முன்பக்கத்து அறையைக் கேட்டிருந்ததால், நாங்கள் பாயையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு பின்பக்கம் மாறினோம்.