கோபுரத்தை விட்டுத் தள்ளி நின்று

தெற்குச் சித்திரை வீதியில், கோபுரத்திலிருந்து 25 மீட்டர் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தால் மேல்நிலைச் சுதைச் சிற்பங்களின் முழங்காலும் தாடையின் அடிப்பக்கமும்தான் தெரியும். மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி உயரம், அதாவது ஏறக்குறைய 52 மீட்டர். அந்த இடத்திலிருந்து கேமரா 60 பாகைக்கு மேல் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் முகம் குறுகி, வயிறு பெருத்து, கிரீடம் பாதி மறைந்த படமே வரும். அதே சுதையை 150 மீட்டருக்கு அப்பால், வீட்டுக்காரரிடம் கேட்டு ஏறிய ஒரு மூன்றாம் மாடியிலிருந்து எடுத்தால் கோணம் 15 பாகையளவுக்கு இறங்கிவிடும். கண், மூக்கு, கை முத்திரை எல்லாம் அதனதன் அளவில் கிடைக்கும். கோபுரச் சுதைகளைப் படமாகப் பதிவு செய்யும் இந்த வேலைக்கு ஜூம் கேமராவை எடுத்துப் போவதே தள்ளி நிற்பதற்காகத்தான். பக்கத்தில் போகச் சோம்பல்பட்டு ஜூமை இழுப்பவர்களுக்கு அது பெரிதாக ஒன்றும் தராது.

தள்ளி நிற்பதற்கு ஒரு விலை உண்டு. இந்தக் கேமராவில் செய்யும் செட்டிங் எல்லாமே அந்த விலையைக் குறைக்கும் முயற்சிதான்.

முதலில் பெட்டியில் எழுதியிருக்கும் எண். '60 எக்ஸ்' என்றால் பொருளை 60 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மிகக் குறைந்த குவியத் தூரத்துக்கும் மிக அதிகமான குவியத் தூரத்துக்கும் உள்ள விகிதம்தான் அது. 20 எம்எம்மில் தொடங்கும் 60 எக்ஸ் கேமரா 1200 எம்எம்மில் முடியும். 24-இல் தொடங்கினால் 1440-இல் முடியும். இரண்டுக்கும் பெட்டியில் ஒரே எண். 2015-இல் வந்த நிக்கான் பி900 24-இலிருந்து 2000 எம்எம் வரை போகும், அதனால் 83 எக்ஸ். 2018-இல் வந்த பி1000 3000 எம்எம் வரை, 125 எக்ஸ், எடை 1.4 கிலோ. ஆகவே எக்ஸைப் பார்க்காமல் கடைசி எம்எம்மைப் பாருங்கள். களத்தில் ஒரு எளிய கணக்கு போதும்: தூரத்தை 35-ஆல் பெருக்கி எம்எம்மால் வகுத்தால், படத்தில் எத்தனை மீட்டர் அகலம் விழும் என்று தெரிந்துவிடும். 150 மீட்டரில் 2000 எம்எம் என்றால் சுமார் 2.6 மீட்டர். ஆளுயரச் சுதை ஒன்றுக்கு அது தாராளம்.

இவ்வளவு நீண்ட ஜூம் இவ்வளவு சிறிய உடம்பில் அடங்குவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சென்சார். இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலும் அதன் அளவு 6.2 க்கு 4.6 மில்லிமீட்டர்தான், சுண்டுவிரல் நகத்தில் பாதி இருந்தாலே அதிகம். அதனால் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, ஏற்றினால் உடனே படத்தில் மணல் தூவியது போல ஆகிவிடும். ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு மேல் வரம்பு 400 அல்லது 800 என்று மெனுவில் கட்டிப்போட வேண்டும். முழு ஜூமில் லென்ஸின் ஒளித் துளையான அபர்ச்சர் பி900-இல் எஃப் 6.5-ஐயும் பி1000-இல் எஃப் 8-ஐயும் தாண்டித் திறக்காது (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறியது). பெரிய கேமராவில் பழகியவர்கள் கூர்மைக்காக அபர்ச்சரை இன்னும் மூடுவார்கள். இங்கே அது நேர்மாறாக வேலை செய்யும். அபர்ச்சர் விளிம்பில் ஒளி ஏற்கெனவே சிதறிக் கொண்டிருக்கிறது, இவ்வளவு சிறிய பிக்சலில் அது தெரிந்துவிடும். மூட மூட மங்கும். முழு ஜூமில் அபர்ச்சரை எப்போதும் முழுதாகத் திறந்தே வையுங்கள்.

வீட்டிலேயே முடித்துவிட வேண்டிய வேலைகள் சில உண்டு. தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மிகச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் இரண்டு பேர் இரண்டு கேமராவில் எடுத்த 800 படங்களை ஒன்றாக அடுக்கும்போது, ஒன்றின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி இருந்தால் அன்று இரவு தூக்கம் போய்விடும். கார்டை கம்ப்யூட்டரில் அழிக்காமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்ய வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தை, திரையில் உள்ள எழுத்து கண்ணுக்குத் தெளியும் வரை திருப்ப வேண்டும். ஃபோகஸ் ஆகவில்லை என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்தச் சக்கரம் பைக்குள் உரசித் திரும்பியதால் வருபவை. ஃபோகஸ் கட்டத்தை நடுவில், சிறியதாக ஒன்றே ஒன்று வையுங்கள். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 'வெயில்' என்று நிறுத்துங்கள். பச்சை நிறச் சுதை பக்கத்தில் இருந்தால் ஒரு நிறமும், சிவப்பு இருந்தால் வேறு நிறமுமாக ஆட்டோ மாற்றிக் கொண்டே போகும். குடமுழுக்குக்கு முன் இருந்த வண்ணம் என்ன என்று பின்னால் யாராவது கேட்டால், அந்தப் படங்களை வைத்துப் பதில் சொல்ல முடியாது.

டிஜிட்டல் ஜூமை மெனுவில் போய் அணைத்துவிடுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் அரிட்டாபட்டியில் நன்றாக விளங்கும். மேலூர்ப் பக்கம் இருக்கும் அந்தக் குன்றுகள் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் பொனெல்லிக் கழுகும் அங்கே உண்டு. பாறை இடுக்கில் உட்கார்ந்திருக்கும் ஷாகீனை 200 மீட்டர் தள்ளி நின்று 2000 எம்எம்மில் எடுத்தால் படத்தின் அகலம் 3.5 மீட்டர். பறவை 40 சென்டிமீட்டர். 16 மெகாபிக்சல் படத்தில் அது சுமார் 500 பிக்சலில் நிற்கும். அலகின் வளைவும் மார்பின் நிறமும் அடையாளம் காண அது போதும். டிஜிட்டல் ஜூமை இரண்டு மடங்குக்குத் தள்ளினால் திரையில் பறவை பெரிதாகிறது. உண்மையில் கிடைப்பதோ அதே 500 பிக்சல்தான். கேமரா நடுப்பகுதியை வெட்டி, 4 மெகாபிக்சலை 16-ஆக இழுத்துக் காட்டுகிறது. வெட்டுவதை வீட்டில் நிதானமாக நாமே செய்து கொள்ளலாம். இரண்டு அடி கிட்டே போகலாமே என்று மட்டும் நினைக்கக் கூடாது. பறவை எழுந்து சுற்றிச் சுற்றிக் கத்துகிறது என்றால் நாம் ஏற்கெனவே அதிகமாக நெருங்கிவிட்டோம் என்று பொருள். திரும்பி நடக்க வேண்டும்.

2000 எம்எம்மில் கேமரா பார்ப்பது ஒரே ஒரு பாகை அகலத்தை. முழு நிலா அதில் பாதி அகலத்தை அடைத்துக் கொள்ளும். அந்த ஒரு பாகைக்குள் கோபுரத்தின் நாலாவது நிலையில் ஏழாவது சுதையைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. அகலக் கோணத்தில் தொடங்கி, கலசத்தையோ ஒரு யாளியையோ அடையாளமாக வைத்து, நடுவில் பிடித்துக் கொண்டே ஜூமை இழுக்க வேண்டும். பாதியில் தவறினால், லென்ஸ் ஓரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஜூம் சட்டென்று பின்வாங்கும். பொருளை நடுவுக்குக் கொண்டுவந்து விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். நிக்கான், கேனான் இரண்டிலும் பல மாடல்களில் இந்த வசதி உண்டு, பெயர்தான் வேறு. பறவை எடுப்பவர்கள் விரல் அந்தப் பொத்தானை விட்டு விலகுவதே இல்லை.

ட்ரைபாடில் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கால்களை மட்டும் நீட்டுங்கள். கேமராவை ட்ரைபாடில் பூட்டியதும் ஆட்டத்தைத் தடுக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே படத்தை மெல்ல நகர்த்திவிடும். டைமர் 2 நொடி போதும் என்பார்கள். முழு ஜூமில் போதாது. பொத்தானை அழுத்திய அதிர்வு திரையில் அடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், 10 நொடி வையுங்கள். பாறையிலும் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் ட்ரைபாடை விட நல்லது ஒரு காடாத் துணிப் பை. இரண்டு கிலோ நெல்லை முக்கால் பாகத்துக்கு நிரப்பித் தைத்து, நடுவில் குழி செய்து லென்ஸை உட்கார வைத்தால் அசையாது. நெல் நனைந்துவிட்டால் அன்றைக்கே காயப் போடுங்கள், இல்லையென்றால் முளைவிடும்.

கையில் பிடித்தே எடுக்க வேண்டி வந்தால் ஆட்டத் தடுப்பைப் போட்டுக் கொண்டு, 1000 எம்எம்முக்கு ஷட்டர் வேகம் நொடியில் 250-இல் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. நல்ல கைக்காரர் அதற்கும் கீழே எடுப்பார். பத்துக்கு மூன்று தேறும்.

ஆட்டத்தை இப்படி அடக்கிவிடலாம். மதுரையில் நம்மைத் தோற்கடிப்பது வெக்கை. காலை எட்டரைக்கு மேல் தார் ரோடும் மொட்டை மாடிகளும் சூடேறத் தொடங்கும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து வளைந்து வரும். 150 மீட்டர் என்றால் அத்தனை மீட்டர் காற்றையும் நாம் ஜூம் செய்கிறோம். வியூஃபைண்டரில் பார்த்தால் சுதையின் கண் ஓரம் தெப்பக்குளத்துத் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும். மூக்கு ஒரு நொடி இடப்பக்கம் இழுபட்டு மறு நொடி திரும்பும்.

"அண்ணே, ஃபோகஸே ஆக மாட்டேங்குதுண்ணே."

"ஃபோகஸ் ஆயிருச்சு தம்பி. இடையில காத்து ஆடுது பாரு."

புதிதாக வரும் ஒவ்வொருவரும் கேட்பது இது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும், விலை கூடிய கேமரா வாங்கினாலும் தீராது. காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் வேலையை முடிப்பதுதான் உண்மையான வழி. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையும், மேகம் மூடிய நாளும் கிடைத்தால் விடவே கூடாது. தகரக் கூரைக்கு மேலாகவும், ஏசியின் வெளி யூனிட் பக்கத்திலிருந்தும் எடுக்காதீர்கள். ஏசி போட்ட காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு உடனே எடுத்தாலும் இதே நெளிவு வரும். உள்காற்றும் வெளிக்காற்றும் லென்ஸ் வாசலிலேயே கலக்கின்றன. வேறு வழியில்லை என்றால் ஒரே இடத்தைப் பத்துப் பன்னிரண்டு தடவை எடுங்கள். காற்று ஒரு கணம் நிற்கும்போது விழுந்த படம் ஒன்றிரண்டு அதில் இருக்கும்.

வானம் பின்னணியாக இருந்தால் கேமரா வானத்தின் வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்து சுதையைக் கறுப்பாக்கும்; எக்ஸ்போஷரை 0.7-இலிருந்து 1 வரை கூட்டுங்கள். வெள்ளைக் கொக்குக்கு அதே அளவு குறையுங்கள்.

ஜல்லிக்கட்டுக்கு இந்தக் கேமராவை நம்பிப் போகலாமா என்று கேட்பார்கள். அலங்காநல்லூரில் காளை வாடிவாசலைத் தாண்டுவது இமைக்கும் நேரம். தொடர்படம் ஏழெட்டு எடுத்ததும் இவ்வகைக் கேமரா கார்டில் எழுதுவதற்காக நின்றுவிடும், திரையும் இருண்டுவிடும். போவதானால் 200 முதல் 400 எம்எம் வரை மட்டும் வைத்து, வாடிவாசல் மரத்தில் முன்கூட்டியே ஃபோகஸைப் பூட்டி, நொடியில் 1000-இல் ஒரு பங்கு வேகத்தில் காத்திருக்கலாம். அழகர் ஆற்றில் இறங்கும் விடியலுக்கோ நீண்ட ஜூம் உதவவே உதவாது. அந்த வெளிச்சத்துக்கு எஃப் 6.5 பற்றாது.

கோபுர வேலையை விடத் திருவிழாவில்தான் கேமரா அதிகம் சாகிறது, காரணம் புழுதி. ஜூம் நீளும்போது உள்ளே காற்றை இழுக்கிறது, கூடவே வைகை மணலையும் இழுக்கிறது. குழாய்களுக்கு இடையே ஒரு மணல் சிக்கினால் கறகறவென்று சத்தம் வரும், அடுத்து லென்ஸ் பிழை என்று திரையில் எழுத்து வந்து எல்லாம் நின்றுவிடும். அப்போது கையால் இழுத்தோ திருகியோ பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம், ஒரு பல் போனால் போனதுதான். பைக்குள் தானாக ஆன் ஆகி லென்ஸ் துணியில் முட்டி நிற்பதும் இதே கேடு செய்யும் என்பதால், நடக்கும்போது பேட்டரியைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. நீட்டிய லென்ஸ் குழாயை ரப்பர் பம்பால் ஊதி, மென்மையான பிரஷ்ஷால் தட்டிய பிறகே உள்ளே மடக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போய் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

எடுக்கும் வரிசையும் முக்கியம். நெருக்கப் படங்கள் மட்டும் 400 இருந்தால் ஒரு துவாரபாலகருக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசம் தெரியாது, எந்த நிலை என்றே சொல்ல முடியாது. முதலில் முழுக் கோபுரம், பிறகு ஒரு நிலை முழுவதும், அதன் பின் இடமிருந்து வலமாக ஒவ்வொரு சுதை. நிலை மாறும்போது உள்ளங்கையை நீட்டி ஒரு படம், அது கோடு போட்டது மாதிரி. அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்றி 'தெற்கு, நிலை 5, மேற்கிலிருந்து 12' என்று பெயரிட்டு, நூறு சதவீதத்தில் திறந்து கண்ணிமையைப் பாருங்கள். நெளிந்திருக்கும் படங்களின் எண்களைத் தனியாகத் தாளில் எழுதிக் கொண்டால், மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தப் பன்னிரண்டு பதின்மூன்றை மட்டும் மறுபடி எடுத்துவிடலாம்.