சுவாமிக்கு முதுகு காட்டும் திருவலம் நந்தி

வேலூர்க்காரர்களுக்குக் கோவில் என்றால் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர், ஸ்ரீபுரம் பொற்கோவில், பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலை. கொஞ்சம் காசும் வயசும் சேர்ந்துவிட்டால் காசி. காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை போகிற பஸ்ஸில் தினமும் எத்தனையோ பேர் திருவலத்தைத் தாண்டிப் போகிறார்கள். இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால், "இரும்புப் பாலம் இருக்குமே, அந்த ஊர்தானே?" என்பதோடு முடிந்துவிடும். பாலம் தெரியும், பாலத்துக்குக் கீழே ஓடுகிற, வருஷத்தில் பாதி நாள் ஓடாமல் கிடக்கிற பொன்னையாறு தெரியும். அந்த ஆற்றங்கரையில் திருஞானசம்பந்தர் வந்து பாடிய சிவன் கோவில் இருப்பது மட்டும் பலருக்குத் தெரியாது. தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32-இல் இதுவும் ஒன்று.

மாசி மாதப் பிரதோஷத்துக்கு என் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். காசி, கயா எல்லாம் பார்த்து முடித்தவர். பிறந்த ஊர் திருவலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற சீகராஜபுரம். "காசில கங்கையில மூணு முழுக்குப் போட்டுட்டு வந்தேன், நம்ம ஊரு ஆத்துல கால் நனைக்கத் தண்ணி இல்ல பாரு" என்று பாலத்தைத் தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். கண்ணுக்கெட்டிய தூரம் மணல், நாணல், சீமைக் கருவேலம், நடுவில் வாய்க்கால் அளவுக்கு ஒரு ஈரம்.

கோபுர வாசல் தெற்குப் பக்கம். சுவாமி வில்வநாதேஸ்வரர், கிழக்கு பார்த்த சந்நிதி. அம்பாள் தனுமத்யாம்பாள், வல்லாம்பிகை என்றும் பெயர். உள்ளே போனதும் யாருக்கும் முதலில் உறுத்துவது நந்திதான். எல்லாச் சிவன் கோவிலிலும் சுவாமியையே பார்த்துக்கொண்டிருக்கிற நந்தி, இங்கே சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்க்கிறது.

அதற்கு ஒரு கதை உண்டு. சுவாமி அபிஷேகத்துக்குத் தினமும் காஞ்சனகிரி மலையிலிருந்துதான் அர்ச்சகர் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவாராம். ராணிப்பேட்டைப் பக்கம் லாலாபேட்டையை ஒட்டி இருக்கிறது அந்த மலை. அங்கே இருந்த கஞ்சன் என்ற அசுரன் அர்ச்சகரை வழிமறித்துத் தொல்லை கொடுத்தான். அர்ச்சகர் சுவாமியிடம் முறையிட, சுவாமி நந்தியை ஏவினார். நந்தி அவனைக் கொம்பால் குத்திக் கிழித்துப் போட, நெற்றி விழுந்த இடம் லாலாபேட்டை, தலை விழுந்தது சீகராஜபுரம், மணிக்கட்டு மணியம்பட்டு, குடல் குகையநல்லூர், இரண்டு கால்களும் வடகால், தெங்கால் என்று சுற்றியுள்ள ஊர்களையெல்லாம் அசுரனின் உடம்பாகவே சொல்வார்கள். பெரியம்மாவுக்குத் தலை விழுந்த ஊர்க்காரி என்பதில் ஒரு பெருமை வேறு. அவன் மறுபடி வந்துவிடுவானோ என்று நந்தி அன்றைக்குத் திரும்பியதுதான், இன்னும் காஞ்சனகிரித் திசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இனிமேல் தண்ணீருக்கு என்ன வழி? சுவாமி ஆற்றைப் பார்த்து "நீ வா" என்று கூப்பிட, அது கோவில் பக்கமாக வந்து ஓட ஆரம்பித்தது, அதனால்தான் பொன்னைக்கு நீவா நதி என்று பெயர் என்பார்கள். பெயர்க் காரணம் எப்படியோ போகட்டும். எனக்கு இந்தத் தல புராணத்தில் பிடித்தது வேறு. ராஜ்யத்துக்காகச் சண்டை, அமிர்தத்துக்காகச் சண்டை என்றுதான் புராணங்களில் படித்திருக்கிறோம், இங்கே நடந்தது ஒரு குடம் தண்ணீருக்காக. வட ஆற்காட்டில் பிறந்து, குடத்தை வரிசையில் வைத்து வளர்ந்தவர்கள் யாரும் இந்தக் கதையைச் சந்தேகப்படவே மாட்டார்கள்!

சாமியில்லாத கோவில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டல்லவா? ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்கு 1981-இல் சுவாமி திரும்பி வந்துவிட்டார். ஆறுதான் பாக்கி. அதுவும் சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் வரும். 2021 நவம்பரில் பாலாறும் பொன்னையும் கரைபுரண்டு போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த மாதமே திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவே இருக்கும் ரயில் பாலத்தில் விரிசல் என்று வண்டிகளையெல்லாம் ரத்து செய்தார்கள். சித்தூர் பக்கத்து மலைகளில் மழை கொட்டினால் போதும், பொன்னை எழுந்துவிடும்.

பிரதோஷ அபிஷேகம் ஆரம்பிக்கும்போது பெரியம்மாவுக்கு ஒரு சந்தேகம். குருக்களையே கேட்டுவிட்டார். "சாமி, நந்தி இப்படித் திரும்பிட்டா நாங்க எந்தப் பக்கம் நிக்கறது?" குருக்கள் பால் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார், "எங்க வேணா நில்லுங்கம்மா, அவரு காவல்ல இருக்காரு, உங்களையெல்லாம் பாக்க மாட்டாரு."

நாங்கள் நந்திக்கு முன்னால் போய் நின்றோம். மற்றக் கோவில்களில் நந்தியின் கொம்புக்கு நடுவே எட்டிப் பார்த்துத்தானே சுவாமியைக் கும்பிடுவோம், நந்தியின் முகம் நமக்குத் தெரியாது. இங்கே நந்தியின் முகமும், அதற்குப் பின்னால் உள்ளே எரிகிற விளக்கும் ஒரே நேரில் இருக்கின்றன. பால் இரண்டு கொம்புக்கும் நடுவே விழுந்து, நெற்றியில் பிரிந்து, கண் ஓரமாக இறங்கி, கழுத்தில் செதுக்கியிருக்கும் மணிகளுக்குள் ஒவ்வொன்றாக நிறைந்து வழிந்தது. அப்புறம் தயிர், சந்தனம், கடைசியில் குடம் குடமாகத் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஊற்றும்போது எனக்கு அசுரன் கதைதான் ஓடியது, இதற்காகத்தானே இவர் திரும்பி உட்கார்ந்திருக்கிறார் என்று. அலங்காரம் முடிந்து அருகம்புல் மாலை சாத்தியதும் கூட்டத்தில் பாதி காதில் வேண்டுதல் சொல்ல முண்டியடித்தது. பெரியம்மா போகவில்லை. காவல்காரரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும் என்று சொல்லிவிட்டார்.

பிள்ளையார் அம்மையப்பனை வலம் வந்து மாம்பழம் வாங்கியதும் இங்கேதான் என்பது ஊர் வழக்கு. பழநிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதை விடுங்கள்.

கல்வெட்டில் ஆர்வம் இருப்பவர்களுக்கு இந்தக் கோவில் புதையல். ஊருக்குத் தீக்காலி வல்லம் என்ற பழைய பெயரும், இந்தப் பக்கத்தை ஆண்ட வாணர்களின் பெயரும் கல்வெட்டுகளில் வருகின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமானது ராஜராஜ சோழனின் 7-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. ஐப்பசி விஷுவும், அதாவது பகலும் இரவும் சமமாகிற நாளும், சந்திர கிரகணமும் சேர்ந்து வந்த நாளை அதில் குறித்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது 991 செப்டம்பர் 26. ராஜராஜன் 985-இல் பட்டத்துக்கு வந்தான் என்று இன்று நாம் பாடப் புத்தகத்தில் படிப்பதற்குப் பெரிய ஆதாரங்களில் ஒன்று, நாம் பஸ்ஸில் தாண்டிப் போகிற இந்த ஊரில் இருக்கிறது. தஞ்சாவூரில் இருந்திருந்தால் பெரிய போர்டே வைத்திருப்பார்கள்.

போகிறவர்கள் ஒரு நாளை முழுசாக ஒதுக்கிவிடுங்கள். உச்சிகால பூஜை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். அதனால் காலையில் வள்ளிமலை, வழியில் மேல்பாடி, சாயங்காலம் திருவலம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். வள்ளிமலையில் படி ஏற முடியாதவர்கள் கீழே உட்கார்ந்துவிடலாம், பெரியம்மா அப்படித்தான் செய்தார். மேல்பாடியும் பொன்னைக் கரைதான். ஆற்றூரில் இறந்துபோன தன் தாத்தா அரிஞ்சயனுக்கு ராஜராஜன் கட்டிய பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோவில், அங்கே இருக்கிறது. சின்னக் கோவில், கூட்டம் கிடையாது. பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரியுங்கள், யாராவது வழி சொல்வார்கள். ராணிப்பேட்டை வழியாகத் திரும்பினால் ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொள்ளலாம், பெரியம்மாவுக்குச் சர்க்கரை இருந்தும் பஸ்ஸிலேயே பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.